வீட்டுல டெஸ்லா காயில் கட்டலாமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

அம்பத்தூர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டகை இருக்கு, அதுதான் என் பட்டறை. அங்க ஒரு டெஸ்லா காயில் கட்டினதுல இருந்து பார்க்குறவங்க எல்லாரும் கேக்குறது இதே கேள்விகள்தான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன். நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் இல்ல, லேத் பட்டறைல வேலை பார்த்தவன், தெரிஞ்சதைச் சொல்றேன்.

டெஸ்லா காயில்னா என்ன, ஒரு பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் தானே?

பாதி சரி. நிக்கோலா டெஸ்லா 1891ல கொண்டு வந்த சமாச்சாரம் இது. அவர் 1899ல கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல இதையே ஒரு பெரிய கொட்டகை அளவுக்குக் கட்டிப் பார்த்தார். சாதா ட்ரான்ஸ்ஃபார்மர்ல நடுவுல இரும்பு இருக்கும், வோல்டேஜ் சுத்துக் கணக்குப்படி ஏறும். இதுல இரும்பே கிடையாது, வெறும் காத்துதான். அப்புறம் எப்படி வோல்டேஜ் ஏறுதுன்னா, தூளி ஆட்டுற மாதிரிதான். தூளிக்குன்னு ஒரு வேகம் இருக்கும், அந்த வேகத்துக்கு ஒத்து ஒரு விரலால இழுத்தாக்கூட அது பாட்டுக்கு வீசி ஆடும், தாளம் தப்பிச்சுன்னா எவ்வளவு பலமா இழுத்தாலும் குழந்தை முழிச்சுக்கும், அவ்வளவுதான். கீழ இருக்கிற பிரைமரியும் (கரண்டை உள்ள ஏத்துற சுருள்) கெபாசிட்டரும் (சார்ஜைச் சேர்த்து வெச்சு கொட்டுறது) ஒரு தாளம், மேல நிக்கிற செகண்டரியும் (வோல்டேஜ் ஏறுற நீளமான சுருள்) தலையில இருக்கிற அலுமினிய வளையமும் ஒரு தாளம், ரெண்டையும் ஒண்ணாக்குறதுதான் மொத்த வேலையே.

உங்க காயிலோட அளவெல்லாம் சொல்லுங்க

செகண்டரி: 110 மில்லி பிவிசி பைப், அதாவது நாலு இன்ச் பைப்னு ஹார்ட்வேர் கடைல குடுப்பாங்களே அதான். அதுல அரை மீட்டர் உயரத்துக்கு 26 கேஜ் எனாமல் காப்பர் கம்பி. எனாமலோட சேர்த்து கம்பி தடிமன் கிட்டத்தட்ட அரை மில்லி வரும், அதனால 500 மில்லிக்கு 1000 சுத்து. ஒரு சுத்து 34 சென்டிமீட்டர் சொச்சம், ஆக மொத்தம் 345 மீட்டர் கம்பி, எடை அரைக் கிலோ. மோட்டார் காயில் கட்டுற கடைலயே எடை போட்டுக் குடுப்பாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் சின்னச் சின்ன ரோலா வாங்கி காசைக் கரைக்காதீங்க, நடுவுல ஒட்டு வேற போட வேண்டியிருக்கும், ஒட்டுப் போட்ட இடத்துல கண்டிப்பா பொறி அடிக்கும்.

தலைக்கு: கிச்சன் சிம்னிக்குப் போடுவாங்களே வளையிற அலுமினியப் பைப், நாலு இன்ச். அதை வளைச்சு வளையமாக்கி நடுவுல ரெண்டு எவர்சில்வர் தட்டு வெச்சு இறுக்கினேன். வெளி விட்டம் ஒரு அடி. (தட்டு எங்க போச்சுன்னு வீட்டுல தேடினாங்க, அது வேற கதை.)

பிரைமரி: ஏசி மெக்கானிக் போடுற கால் இன்ச் காப்பர் குழாய், 15 மீட்டர் ரோல் ஒண்ணு. அரை இன்ச்சுக்கு ஒரு சுத்துன்னு, ஜிலேபி புழிஞ்ச மாதிரி படுக்கையா 13 சுத்து.

இதையெல்லாம் கணக்குப் போட்டா செகண்டரி இண்டக்டன்ஸ் 21 மில்லிஹென்றிக்குக் கொஞ்சம் மேல, தலையோட சேர்த்து கெபாசிட்டன்ஸ் 21 பிக்கோஃபாரட் சுமார், ஆக தாளம் 235 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருது. கீழ 15 நானோஃபாரட் கெபாசிட்டர் போட்டா பிரைமரிக்கு 30 மைக்ரோஹென்றி வேணும், அது ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல ஏதோ ஒரு சுத்துல கிடைக்கும். 13 எதுக்குன்னா, பேப்பர்ல போட்ட கணக்கு பட்டறைல அப்படியே நடக்காது, பிரைமரில எத்தனாவது சுத்துல கரண்ட் குடுக்கிறதுன்னு கடிச்சுப் பிடிக்கிற க்ளிப்பை நகர்த்த இடம் வேணும்.

ஆயிரம் சுத்தை எப்படிச் சுத்துறது? கடைல குடுத்துடலாமா?

குடுக்கலாம், ஆனா மோட்டார் கட்டுறவருக்கு இவ்வளவு நீளமா ஒத்தை அடுக்குல, மேல ஏறாம, இடைவெளி விடாம சுத்திப் பழக்கம் இருக்காது. நானே சுத்தினேன். ரெண்டு பக்கமும் மரச் சட்டத்துல பைப்பை நிறுத்தி ஒரு பக்கம் கைப்பிடி வெச்சு, ஆறு மணி நேரம். முதல் தடவை அறுநூறு சுத்து தாண்டி நல்லா போயிட்டு இருந்தது, அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க, "இதோ வரேம்மா"ன்னு திரும்பினேன், கை நழுவிடுச்சு, அவ்வளவுதான், சர்ருன்னு அத்தனையும் ஸ்பிரிங் மாதிரி அவுந்து சிக்கு விழுந்து போச்சு, அந்தக் கம்பியை காயலான் கடைல போட்டதுதான் மிச்சம். அதுக்கப்புறம் அம்பது சுத்துக்கு ஒரு டேப் ஒட்டிட்டுத்தான் மூச்சே விடுறது.

சுத்துறதுக்கு முன்னாடி பைப்பைக் கழுவி வெயில்ல நல்லா காய வைங்க. கறுப்புப் பைப் வேணாம், அதுல கார்பன் கலந்திருக்கலாம், அது கரண்டைக் கடத்தும். சுத்தி முடிச்சதும் வார்னிஷ் நாலு கோட். கம்பி முனையை பைப்புக்குள்ள விட்டு எடுக்கவே எடுக்காதீங்க, ஓட்டையும் போடாதீங்க, உள்பக்கமா பொறி ஓடி பைப்பே கருகிடும்.

பவர் சப்ளை எங்க கிடைக்கும்?

இதுதான் பெரிய தலைவலி. பழைய நியான் போர்டு ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், இரும்புக் கோர் போட்டு தார் ஊத்தின கனமான பெட்டி. எல்இடி வந்ததும் நியான் போர்டே போச்சு, இப்ப காயலான் கடைல கிடைச்சா உண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா புதுசா லேசா ஒரு எலக்ட்ரானிக் நியான் சப்ளையைக் குடுப்பாங்க, அது ஆகாது, அது ஏற்கெனவே இருபது கிலோஹெர்ட்ஸ் சொச்சத்துல ஓடுறது, பொறி அடிச்சாலே பயந்து ஆஃப் ஆகிடும். எனக்குக் கிடைச்சது 9000 வோல்ட், 30 மில்லி ஆம்பியர். ஒரு மூடின ஸ்வீட் ஸ்டால் போர்டுல இருந்து கழட்டினது.

ஒரு விஷயம் கவனிங்க. அமெரிக்காக்காரங்க எழுதின அளவுகளை அப்படியே காப்பி அடிக்காதீங்க, அங்க கரண்ட் வினாடிக்கு 60 சைக்கிள், இங்க 50. இந்த 9000க்கு 30 ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அங்க 8.8 நானோஃபாரட்ல ரெசனன்ஸ், அதாவது கெபாசிட்டரோட தாளம் ஒத்துப் போற இடம், இங்க 10.6. சரியா அந்த அளவுக்கே கெபாசிட்டர் போட்டா வோல்டேஜ் எகிறி ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள்ளயே செத்துடும், அதான் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மியா 15னு வெச்சேன்.

மைக்ரோவேவ் அவன் ட்ரான்ஸ்ஃபார்மர் சும்மா கிடக்கு, அதை வெச்சுப் பண்ணலாமா?

வேணாம். வேணாம்னா வேணாம்.

ஏன்னு சொல்றேன். அது 2000 வோல்ட் தான் குடுக்கும், 9000ஐ விட கம்மி தானேன்னு தோணும். ஆனா அது அரை ஆம்பியருக்கு மேல சர்வசாதாரணமா குடுக்கும், நியான் ட்ரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் பண்ணாக்கூட 30 மில்லி ஆம்பியரோட நின்னுக்கும். போதாததுக்கு அந்த அவன் ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஹை வோல்டேஜ் காயிலோட ஒரு முனை அதோட இரும்புலயே சேர்ந்திருக்கும், அதனால ஒரு கை பட்டாலே போதும், ரெண்டு கையும் படணும்னு அவசியம் இல்ல. மரப்பலகைல மின்னல் மாதிரி கிளை கிளையா கருக்கி டிசைன் போடுற வீடியோ பார்த்திருப்பீங்க, அது இந்த ட்ரான்ஸ்ஃபார்மர்ல பண்றதுதான், அதுல செத்தவங்க நிறைய பேர், அமெரிக்க மரக் கடைசல்காரங்க சங்கம் அதைத் தங்க நிகழ்ச்சிகள்லயே பண்ணக் கூடாதுன்னு தடை போட்டிருக்கு. பட்டறைல கை பழகின ஆளுங்களே அதுல போயிருக்காங்க, அதை மறந்துடாதீங்க.

அப்ப 30 மில்லி ஆம்பியர் பத்திரம்தானே?

அய்யோ இல்ல. உங்க வீட்டு மெயின் போர்டுல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) இருந்தா அது மேல எழுதியிருக்கிறதைப் போய் படிங்க. 30 மில்லி ஆம்பியர்னு இருக்கும். அதுக்கு மேல ஒடம்புல ஓடினா இதயம் தாறுமாறா துடிக்க ஆரம்பிச்சு நின்னு போக வாய்ப்பிருக்குன்னுதான் அந்த இடத்துல கோடு போட்டிருக்காங்க. என் ட்ரான்ஸ்ஃபார்மர் லேபிள்லயும் அதே 30 தான். அதாவது ஆர்சிசிபி எந்த இடத்துல பயந்து ஆஃப் ஆகுதோ அந்த இடத்துல இருந்துதான் இந்தப் பெட்டி வேலையையே ஆரம்பிக்குது.

அதோட அந்த ஆர்சிசிபி இங்க உங்களைக் காப்பாத்தும்னும் நம்பாதீங்க. அது பார்க்குறது வீட்டு லைன்ல போற கரண்டும் திரும்பி வர கரண்டும் சமமான்னு மட்டும்தான். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நீங்க மாட்டிக்கிட்டா இந்தப் பக்கம் எல்லாம் சமமாத்தான் தெரியும், அது பேசாம இருக்கும்.

நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான்: மேல சடசடன்னு பறக்குதே ஊதாப் பொறி, வந்தவங்க எல்லாம் அதைப் பார்த்துத்தான் பயந்து பின்னாடி போறாங்க, போகும்போது கீழ கால் பக்கத்துல இருக்கிற பெட்டியையும் கெபாசிட்டரையும் யாரும் திரும்பிக்கூட பார்க்குறதில்ல. கொல்றது அதுதான். மேல இருக்கிறது சுடும், ஆழமா சுடும், ஆனா உசுரை எடுக்கிறது கீழ இருக்கிறதுதான்.

மேல வர பொறியைக் கைல வாங்குறாங்களே, ஸ்கின் எஃபெக்ட்டாம், தோல் மேலயே ஓடிடுமாம்?

இது பொய். காப்பர் கம்பில ஸ்கின் எஃபெக்ட் உண்மை, மனுச ஒடம்பு காப்பர் இல்ல, இந்த ஃப்ரீக்வன்சில கரண்ட் தாராளமா உள்ள போகும். வலி தெரியாததுக்குக் காரணம் நரம்பு அவ்வளவு வேகத்துக்கு ஈடு குடுக்காது, அவ்வளவே. வலிக்கலைங்கறதால சதை வேகலைன்னு அர்த்தம் இல்ல. போதாக்குறைக்கு பொறி கீழ பிரைமரில பாஞ்சுதுன்னா அந்த வழியா 50 சைக்கிள் மெயின் ஹை வோல்டேஜும் கூடவே ஏறி வரும், அப்ப கைல வாங்கினவர் கதை என்ன ஆகும்.

உங்க காயில் எத்தனை லட்சம் வோல்ட்? பத்து லட்சம் இருக்குமா?

இதைக் கேட்டா எல்லாரும் நெஞ்சை நிமித்திட்டு பத்து லட்சம்னு சொல்லுவாங்க. ஒரு சின்னக் கணக்கு போதும். கெபாசிட்டர்ல ஒரு தடவை நிரம்புறது 1.2 ஜூல். அந்த மொத்தமும் துளிகூட நஷ்டம் ஆகாம மேல தலைக்குப் போய்ச் சேந்தாலும் 21 பிக்கோஃபாரட்டுக்கு 3 லட்சத்து 40 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல வராது, ஸ்பார்க் கேப்புல (கெபாசிட்டர் நிரம்பினதும் பொறி பாஞ்சு அதைப் பிரைமரிக்குள்ள கொட்டி விடுற காத்து இடைவெளி) சூடாவும் வெளிச்சமாவும் சத்தமாவும் போறதைக் கழிச்சா அதுலயும் கம்மி. அப்ப எப்படி அரை மீட்டர் பொறி வருதுன்னா, வினாடிக்கு நூறு தடவைக்கு மேல அடிக்குது இல்லையா, முன்னாடி போன பொறி சூடாக்கி வெச்ச அதே பாதைல அடுத்தது இன்னும் கொஞ்ச தூரம் போகும். ஒரே தாவல்ல போறது இல்ல.

நீளத்துக்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு, வாட்ஸோட வர்க்கமூலத்தை 1.7ஆல பெருக்கினா இன்ச். 270 வாட்ஸுக்கு 28 இன்ச் வரணும். எனக்கு வந்தது 19. அதுவே ஒரு மாசம் மல்லுக்கட்டினதுக்கப்புறம்.

கெபாசிட்டர் என்ன போட்டீங்க?

முதல்ல கஞ்சத்தனமா கண்ணாடி பாட்டில்ல உப்புத்தண்ணி ஊத்தி வெளிய அலுமினியத் தாள் சுத்தி பண்ணேன், 1745 காலத்து லெய்டன் ஜாடி டெக்னிக். ஒரு பாட்டில் ஒரு நானோஃபாரட் கூடத் தேறல, இருபது பாட்டிலுக்கு மேல அடுக்க வேண்டியதாச்சு, பாதி ஒழுகுச்சு, ஒண்ணு பொத்துக்கிச்சு. பொறி ஒரு ஜாண் கூட வரல. அப்புறம் காசு சேர்த்து கார்னெல் டுபிலியர் 942 சீரிஸ் வாங்கினேன், 0.15 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட். பத்தை வரிசையா சேத்தா 15 நானோஃபாரட், 20,000 வோல்ட். பாலிப்ரொப்பிலீன்தான் வேணும், ஃபேன்ல இருக்கிற கெபாசிட்டரோ டிவில கழட்டினதோ தாங்காது.

ஒவ்வொண்ணு மேலயும் ஒரு 10 மெகாஓம் ரெசிஸ்டர் கண்டிப்பா. ஆஃப் பண்ணதுக்கப்புறம் உள்ள தங்கியிருக்கிற சார்ஜ் அது வழியா வடியும். வடிஞ்சிருக்கும்னு நம்பிக் கை வைக்காதீங்க, ஒரு மீட்டர் பிவிசி பைப் நுனில கம்பி கட்டி அதோட இன்னொரு முனையை எர்த்ல போட்டு, ரெண்டு பக்கமும் தொட்டு, ஷார்ட் பண்ணி, அந்தக் கம்பியை அப்படியே அதுலயே மாட்டி வெச்சுட்டுத்தான் கிட்ட போகணும்.

எர்த் வீட்டு எர்த்லயே குடுத்துடலாமா?

செகண்டரி அடிமுனையை வீட்டு எர்த்ல குடுத்தா அந்த ஹை ஃப்ரீக்வன்சி வீட்டுல இருக்கிற எல்லா த்ரீ பின் சாமான் உள்ளயும் போய் எட்டிப் பார்க்கும். எங்க வீட்டுல முதல் நாள் காலிங் பெல் போச்சு, அடுத்து செட்டாப் பாக்ஸ். அதுக்கப்புறம்தான் புத்தி வந்து கொட்டகை ஓரத்துல தனியா குழி வெட்டி உப்பும் கரியும் போட்டு காப்பர் ராடு இறக்கினேன், கோடைல ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். அது வரைக்கும் கம்பி தடியா, குட்டையா, நேரா போகணும்.

ரப்பர் செருப்பு, கிளவுஸ் போட்டுக்கிட்டா போதுமா?

வீட்டு லைனுக்கே செருப்பு பெரிய நம்பிக்கை இல்ல, இதுக்கு அது காகிதம். எலக்ட்ரிக்கல் கிளவுஸ்லயே கிளாஸ் ஜீரோன்னு விக்கிறது 1000 வோல்ட் வரைக்கும்தான். தொடாம இருக்கிறதுதான் வழி. என் முறை: சுவிட்ச் நாலு மீட்டர் தள்ளி, அதுக்கு ஒரு சாவி, சாவி என் கழுத்துல. கிட்ட போகணும்னா ப்ளக்கையே புடுங்கிக் கைல எடுத்துட்டுப் போவேன். தனியா ஓட்டவே மாட்டேன், மச்சான் வந்தாத்தான். அவருக்குக் காயில் பத்தி ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் ஆசை இல்ல, மெயின் எங்க இருக்குன்னும் நெஞ்சை எப்படி அமுக்கணும்னும் தெரியும், அது போதும். பேஸ்மேக்கர் வெச்சவங்க கொட்டகைப் பக்கமே வரக் கூடாது. ஃபோனை வீட்டுக்குள்ள வெச்சுடுங்க.

ஆன் பண்ணேன், செகண்டரி மேலயே மேலும் கீழும் பொறி ஓடுது, ஏன்?

பிரைமரியும் செகண்டரியும் ரொம்ப நெருக்கமா இருக்கு. செகண்டரியை ரெண்டு மூணு சென்டிமீட்டர் மேல தூக்குங்க, பலகை சொருகினா போதும். அப்பவும் ஓடுச்சுன்னா ட்யூனிங் தப்பு, ரெண்டு தாளமும் ஒத்துப் போகலைன்னு அர்த்தம், க்ளிப்பை கால் சுத்து கால் சுத்தா நகர்த்துங்க, ஒவ்வொரு தடவையும் ப்ளக்கைப் புடுங்கி, அந்த எர்த் கம்பியை கெபாசிட்டர்ல மாட்டி, அப்புறம். சலிப்பாத்தான் இருக்கும், நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அப்படியே நகர்த்தினேன். மழைக்காலத்துல இதே தொல்லை திரும்ப வரும், ஈரம்.

முதல் ஓட்டத்துக்கு நேரா 230ல போடாதீங்க. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற வேரியாக் ஒண்ணு வேணும், கடைல டிம்மர்ஸ்டாட்னு கேளுங்க, அப்பத்தான் புரியும். ஸ்பார்க் கேப்பை சின்னதா வெச்சு ஆரம்பிச்சு மெல்லத் திறங்க. என்னோடது ஏழு காப்பர் குழாய்த் துண்டு பக்கத்துல பக்கத்துல, நடுவுல ஆறு இடைவெளி, ஒவ்வொண்ணும் முக்கால் மில்லிக்குள்ள, பின்னாடி பழைய கம்ப்யூட்டர் ஃபேன். அந்த வெளிச்சத்தை வெல்டிங் வெளிச்சம் மாதிரி நினைச்சுக்கோங்க, நேரா பார்க்காதீங்க. காதுல பஞ்சு. ஓசோன் வாசனை வரும், தொண்டை கரகரன்னும், கதவைத் திறந்து வைங்க.

பையன் ஸ்கூல் எக்ஸ்போவுக்கு ஒண்ணு வேணும்னு அடம் பிடிக்கிறான்

இதைக் குடுத்து விடாதீங்க. ஸ்லேயர் எக்ஸைட்டர்னு பேட்டரில ஓடுற குட்டிக் காயில் ஒண்ணு இருக்கு, ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்இடி, ஒரு சின்ன பைப்ல முந்நூறு சுத்து, 9 வோல்ட் பேட்டரி. பக்கத்துல சிஎஃப்எல் பல்பு கொண்டு போனா கம்பியே இல்லாம எரியும், டீச்சர் வாயைப் பொளப்பாங்க. எப்படியும் யாராவது "அப்ப ஃப்ரீ கரண்ட்டா?"ன்னு கேப்பாங்க, பேட்டரியைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க.

கரண்ட் பில்?

அஞ்சு நிமிஷம் ஓட்டினா ஒரு யூனிட்ல நாப்பதுல ஒரு பங்கு. மிக்சி அதிகமா இழுக்கும்.

அக்கம்பக்கத்துல சண்டைக்கு வரலையா?

சத்தத்துக்கு வரல, ரேடியோவுக்கு வந்தாங்க. ஸ்பார்க் கேப்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க, டைட்டானிக்ல இருந்த 5 கிலோவாட் வயர்லெஸ் செட்டே பொறி அடிச்சு ரேடியோ அலை அனுப்புற ஸ்பார்க் ட்ரான்ஸ்மிட்டர்தான், நாம கட்டுறது அதோட பங்காளி. என்னோடது 235 கிலோஹெர்ட்ஸ்ல அடிச்சா அதோட மூணு மடங்கு 705லயும் இரைச்சல் வரும், சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ், கேக்கணுமா. தகரக் கொட்டகையா இருந்தும் கொஞ்சம் வெளிய போகத்தான் செய்யுது. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு நாள் கைல ட்ரான்சிஸ்டரோட வந்து நின்னார், "தம்பி, நீ என்ன பண்றியோ எனக்குத் தெரியாது, மாநிலச் செய்தி மட்டும் கேக்க விடு"ன்னார். அதுல இருந்து அவர் ரேடியோவை அணைச்சுட்டு ஜன்னல் வழியா கையைக் காட்டினதும்தான் சாவியைக் கழுத்துல இருந்து கழட்டுறது.